சர்க்கரை மாத்திரை: எப்போது போட வேண்டும், எப்போது போடக் கூடாது?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

நடு வயதில் சர்க்கரை நோய் வந்து, இன்சுலின் இல்லாமல் மாத்திரையிலேயே இருப்பவர்களின் கேள்விகள் இவை. பதில்களைப் படிக்கும்போது உங்கள் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் பெரிதாகப் போட்டிருக்கும் கம்பெனிப் பெயர் வேண்டாம். சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும்தான் வேண்டும். இங்கே படித்ததை வைத்து அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சந்தேகம் வந்தால் அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

என் அப்பாவுக்கு 71 வயது. காலை 6 மணிக்குக் காபியோடு சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிடுவார். நடைப்பயிற்சி, குளியல், பூஜை எல்லாம் முடித்துச் சாப்பிட ஒன்பதரை ஆகிவிடும். கொஞ்ச நாளாக எட்டு மணி வாக்கில் வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்கிறார். அட்டையில் கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. என்று இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.
– வாசகர், விருதுநகர்

பதில்: இதை வயசு என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து போவதைக் காட்டுகின்றன. நாளை காலை வியர்க்கும்போதே குளுக்கோமீட்டரில் விரல் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் அதுதான் காரணம். 54க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அந்த மாத்திரையில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. மெட்ஃபார்மின் ஈரல் சர்க்கரையைக் கொட்டுவதைக் குறைக்கிறது. தனியாக அது சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அப்பா மூன்றரை மணி நேரம் சாப்பிடாமல் இருப்பதோடு நடையும் நடக்கிறார். நடக்கும்போது தசைகளும் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. எட்டு மணிக்கு நடுங்காமல் என்ன செய்யும்?

கிளிமிபிரைடைக் காலை உணவுக்குச் சற்று முன்போ, முதல் வாய் சாப்பிடும்போதோ போட வேண்டும். இட்லி தட்டில் விழுந்த பிறகு மாத்திரையைக் கையில் எடுப்பதுதான் பாதுகாப்பு. அன்றைக்குச் சாப்பாடு இல்லை என்றால் இந்த மாத்திரையும் இல்லை. இதே குடும்பத்து மருந்தான கிளிபிசைடு மட்டும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் போடுவது. இன்னொன்றான கிளிக்லசைடின் மெதுவாகக் கரையும் வகையைக் காலைச் சாப்பாட்டோடு போடலாம். இந்தக் குடும்பத்தில் பழைய மருந்தான கிளிபென்கிளமைடு 60 வயதுக்கு மேல் வேண்டவே வேண்டாம். அது உடலில் நீண்ட நேரம் தங்கும், சிறுநீரகம் சற்றுப் பழுதானாலும் இன்னும் தேங்கும். உங்கள் வீட்டில் யாராவது முதியவர் அதைப் பல வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

சர்க்கரை தாழ்ந்தால் செய்ய வேண்டியது: 15 கிராம் சர்க்கரை. வீட்டுச் சீனியில் அது 3 முதல் 4 தேக்கரண்டி. அரை தம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கட்டும். குளுக்கோஸ் பொடியும் அதே அளவுதான். 150 மி.லி. பழச்சாறும் சரி. சாக்லேட், பால்கோவா, ஐஸ்கிரீம் வேண்டாம்; அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70க்குக் கீழ் என்றால் இன்னொரு 15 கிராம். ஏறியதும் இரண்டு இட்லியோ, ஒரு தோசையோ கொடுத்துவிடுங்கள்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். சீனித் தண்ணீர் குடித்துத் தெளிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சீனி ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கிளிமிபிரைடு அன்று முழுவதும் வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் அன்றைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள், இரவு படுக்கும் முன்பும் பாருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். இந்த மாத்திரையால் நினைவு தப்பியவர் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிக் கண் விழித்தாலும், குறைந்தது ஒரு நாள் அங்கேயே வைத்துப் பார்ப்பது வழக்கம். ‘எழுந்துட்டார், கூட்டிட்டுப் போறோம்’ என்று கிளம்பிவிடாதீர்கள்.

ரத்த அழுத்த மாத்திரையின் பெயரையும் பாருங்கள். அட்டெனோலால், மெட்டோப்ரொலால், ப்ரொப்ரனலால் என்று ‘லால்’ என முடிந்தால், அது நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. அந்த மாத்திரை சாப்பிடுபவருக்குக் காரணமில்லாமல் வியர்த்தாலே விரல் குத்திப் பார்த்துவிட வேண்டும்.

71 வயதில், அதுவும் வேறு நோய்கள் இருந்தால், மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 6.5க்கு வர வேண்டும் என்று துரத்தத் தேவையில்லை. 7.5, சிலருக்கு 8 வரைகூடப் போதும். அப்பாவுடைய அளவு 6.4, 6.6 என்று இருந்தால் மருத்துவர் கிளிமிபிரைடை 1 மில்லிகிராமாகக் குறைக்கலாம், அல்லது எடுத்துவிட்டு, சர்க்கரையை இப்படித் தாழ்த்தாத லினாகிளிப்டின் போன்ற ஒன்றுக்கு மாற்றலாம். கீழே விழுந்து இடுப்பு உடைவதைத் தவிர்ப்பது, ரிப்போர்ட்டில் நல்ல எண் வருவதை விட முக்கியம்.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். 12 வருடமாகச் சாப்பிடுகிறேன். நிறுத்திவிடலாமா? பாதமும் எரிகிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் கெடுக்கின்றன. ஆனால் மெட்ஃபார்மின் உடலை விட்டு வெளியேறும் ஒரே வழி சிறுநீரகம். அது ஏற்கெனவே பழுதாகியிருந்தால் மருந்து ரத்தத்தில் தேங்கி, லாக்டிக் அமிலம் கூடிப்போகும் அபாயம் உண்டு; அரிதுதான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. பயம் இப்படித்தான் தலைகீழாகப் பரவியது.

சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் வரும் கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மெலிந்த வயதான பெண்ணுக்கு 1.2 என்பது ‘நார்மல்’ போலத் தெரியும், சிறுநீரகமோ பாதி வேலைதான் செய்துகொண்டிருக்கும். அதே ரிப்போர்ட்டில், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் என்ற எண் இருக்கும். 45க்கு மேல் இருந்தால் மெட்ஃபார்மினைத் தொடரலாம்; 60க்குக் கீழ் வந்துவிட்டவர்கள் வருடத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதாது, மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். 30க்கும் 45க்கும் நடுவில் என்றால் அளவைப் பாதியாக்கி, ஒரு நாளைக்கு 1000 மி.கி.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 30க்குக் கீழ் வந்தால் நிறுத்த வேண்டும்.

சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன், ஆஞ்சியோகிராம் இரண்டுக்கும் போகும்போது மெட்ஃபார்மின் சாப்பிடுவதை ஸ்கேன் மையத்தில் சொல்லிவிடுங்கள். இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழ் இருந்தாலோ, ஈரல் அல்லது இதயக் கோளாறு இருந்தாலோ அன்று மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகப் பரிசோதனை செய்து, சரியாக இருந்தால்தான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

பாத எரிச்சலைச் சர்க்கரையின் மேலேயே போட்டுவிட்டுப் போகாதீர்கள். பல வருடம் மெட்ஃபார்மின் எடுத்தால் வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது குறையும். சைவ உணவுக்காரர்களுக்கு ஏற்கெனவே அது குறைவு. பி12 குறைந்தாலும் இதே மரத்துப்போதல், எரிச்சல், தள்ளாட்டம்தான் வரும். ரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஊசியோ மாத்திரையோ போட்டு ஈடு செய்யலாம், அதற்காக மெட்ஃபார்மினை விட வேண்டியதில்லை. தாமதித்தால் நரம்புச் சேதம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். அதனால் இந்த மாதமே பாருங்கள்.

மெட்ஃபார்மின் போட்டதிலிருந்து வயிற்றுப்போக்கு, வாயில் உலோகச் சுவை. மலத்தில் மாத்திரை முழுசாக வருகிறது. எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லையோ?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முதல் நாளே 1000 மி.கி. ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சாதாரணமாக இரவுச் சாப்பாட்டோடு 500 மி.கி. மட்டும் தொடங்கி, ஒரு வாரம் பழகிய பின் காலைக்கும் 500, பிறகு தேவைக்கேற்ப ஏற்றுவார்கள். ஒரு நாளைக்கு 2000 மி.கி. என்பது வழக்கமான உச்சம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு நடுவிலோ, முடித்த உடனேயோ போடுங்கள். சாதாரண வகை சாப்பிடுபவருக்கு அப்படியும் நிற்காவிட்டால் எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று குறிப்பிட்டிருக்கும் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்; வயிறு பெரும்பாலும் அடங்கிவிடும்.

மலத்தில் முழுசாக வருகிறது என்றால் உங்களுடையது ஏற்கெனவே அந்த மெது வகையாகத்தான் இருக்கும்; வருவது அதன் வெற்றுக்கூடு. மருந்து உள்ளே இறங்கிவிட்டது, கவலை வேண்டாம். அதே காரணத்தால் அந்த வகையை உடைக்கவோ, மெல்லவோ, பொடி செய்து கரைத்துக் கொடுக்கவோ கூடாது. மெதுவாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியாத முதியவர் என்றால் சாதாரண வகையாக எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

காலை மாத்திரையை மறந்துவிட்டேன். இரவு இரண்டாகப் போடலாமா?
– வாசகி, கரூர்

பதில்: கூடாது. மெட்ஃபார்மின் என்றால் அடுத்த சாப்பாட்டோடு அந்த வேளைக்கு உரியதை மட்டும் போடுங்கள். கிளிமிபிரைடு என்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும்: படுக்கப் போகும்போது நினைவு வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஒரு நாள் சர்க்கரை 220 இருப்பதால் எதுவும் ஆகாது. நடுத்தூக்கத்தில் 45 ஆனால் யாருக்கும் தெரியாது.

டபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. ஆரம்பித்திருக்கிறார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை நான்கு பிளஸ் வருகிறது. அடிக்கடி சிறுநீர், அந்த இடத்தில் அரிப்பு வேறு. அடுத்த மாதம் குடலிறக்க அறுவை சிகிச்சையும் இருக்கிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: சிறுநீரில் சர்க்கரை வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். சிறுநீரகம் திருப்பி எடுத்துக்கொள்ளும் சர்க்கரையைத் தடுத்து வெளியே தள்ளுவதுதான் இதன் வேலை. அதனால் இந்த மாத்திரை சாப்பிடும்வரை சிறுநீர்ச் சர்க்கரைப் பரிசோதனையால் ஒரு பயனும் இல்லை. ரத்தத்தில் பார்த்தால் போதும். எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசினுக்கும் இதுவேதான். இதயச் செயலிழப்பிலும் சிறுநீரகப் பாதிப்பிலும் நல்ல பலன் தரும் மருந்துகள் இவை. அரிப்புக்குப் பயந்து விட்டுவிட வேண்டாம்.

அரிப்பு பூஞ்சையால் வருவது. சர்க்கரை கலந்த ஈரம் அங்கே தங்குவதால் பூஞ்சை வளர்கிறது. ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பின்னும் தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஆண்கள் முன்தோலை விலக்கிக் கழுவ வேண்டும். பருத்தி உள்ளாடை போடுங்கள். களிம்புக்குப் பெரும்பாலும் அடங்கும். அந்த இடம் வீங்கி, தொட்டால் தாங்காத வலியும் காய்ச்சலும் வந்தால் அது பூஞ்சை அல்ல. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அறுவை சிகிச்சை விஷயத்தைத் தயவுசெய்து தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் பேசுங்கள். இந்த மருந்தை அறுவைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். ‘காலையில் மட்டும் போடாதீங்க’ என்று மற்ற சர்க்கரை மாத்திரைகளுக்குச் சொல்வது இதற்குப் போதாது. காரணம் இதுதான்: பட்டினி கிடக்கும்போது உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும், கீட்டோன் அமிலம் உருவாகும். சாதாரணமாக அப்படி ஆகும்போது ரத்தச் சர்க்கரை 300, 400 என்று ஏறி எச்சரிக்கும். இந்த மருந்து சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் மீட்டரில் 160, 180தான் காட்டும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, அசதி என்று ஆள் மோசமாகிக்கொண்டே போவார். ‘சுகர் நார்மல்தானே’ என்று வீட்டிலும், சில நேரம் மருத்துவமனையிலும் விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ‘இந்த மாத்திரை சாப்பிடுகிறார், கீட்டோன் பாருங்கள்’ என்று நீங்களே சொல்ல வேண்டும்.

அறுவைக்கு மட்டுமல்ல, காய்ச்சலுக்கும் இதே எச்சரிக்கை. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து சாப்பாடும் தண்ணீரும் தங்காத நாளில் டபாகிளிஃப்ளோசினையும் மெட்ஃபார்மினையும் நிறுத்தி வையுங்கள். உடல் வறண்டால் முதல் மருந்து கீட்டோனைக் கூட்டும், இரண்டாவது மருந்து தேங்கும். கிளிமிபிரைடு சாப்பிடுபவர், சாப்பாடு இறங்காத வேளையில் அதையும் தவிர்க்க வேண்டும். நீர் மாத்திரை, ‘பிரில்’ அல்லது ‘சார்ட்டன்’ என்று முடியும் ரத்த அழுத்த மாத்திரை, வலி மாத்திரை ஆகியவையும் அந்த நாட்களில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் உடனே கேளுங்கள். கஞ்சி, மோர், ஓஆர்எஸ் உப்புக் கரைசல் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். சர்க்கரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். ஒரு நாள் ஆகியும் வாந்தி நிற்காவிட்டால், அல்லது 300க்கு மேல் ஏறி இறங்காவிட்டால், வீட்டில் வைத்திருக்க வேண்டாம். நன்றாகச் சாப்பிட ஆரம்பித்து 24 முதல் 48 மணி நேரம் ஆன பின் மாத்திரைகளை மறுபடி தொடங்கலாம். எடை குறைக்கச் சோறு இட்லி எல்லாவற்றையும் ஒதுக்கிக் கொழுப்பு மட்டும் சாப்பிடும் ‘கீட்டோ’ உணவுமுறையை இந்த மருந்தோடு சேர்க்கவே கூடாது.

எனக்கு 36 வயது, ஒல்லி. ஒன்றரை வருடம் முன் சர்க்கரை என்றார்கள். மூன்று மாத்திரை சாப்பிட்டும் 300க்குக் குறையவில்லை. எட்டு கிலோ குறைந்துவிட்டேன். நான்காவதாக ஒன்று எழுதித் தந்திருக்கிறார்கள்.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: நான்காவது மாத்திரைக்கு முன் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: உங்களுடையது மாத்திரையில் அடங்கும் வகைதானா? பெரியவர்களுக்கு வரும் எல்லாச் சர்க்கரையும் டைப் 2 அல்ல. உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தை மெதுவாக அழிக்கும் வகை 30, 40 வயதிலும் வரும். முதலில் மாத்திரைக்குக் கேட்பதுபோல் இருந்து, பிறகு நழுவும். இன்னொன்று, நம் தென் தமிழகத்திலும் கேரளத்திலும் பல காலமாகப் பார்த்து வருவது: கணையத்தில் கல் விழுந்து சுண்ணாம்பு படிந்து வரும் சர்க்கரை. சிறு வயதிலிருந்து மேல்வயிற்று வலி, எண்ணெய் மிதக்கும் மலம் என்று ஏதாவது இருந்தால் வயிற்று ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிடும்.

எதிர்ப்பு சக்தி கணையத்தைத் தாக்குகிறதா என்று காட்டும் ஜிஏடி எதிர்ப்பொருள், இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு ஆகிய இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும், கீட்டோனையும் பார்க்கச் சொல்லிச் சர்க்கரை நோய் நிபுணரிடம் இந்த வாரமே போங்கள். இன்சுலின் தேவை என்று வந்தால் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை, புதிதாக எழுதியிருப்பது ‘ஃப்ளோசின்’ என்று முடியும் மருந்தாக இருந்தால் அதை ஆரம்பிக்கும் முன் எழுதித் தந்தவரிடமே எடை குறைந்திருப்பதைச் சொல்லுங்கள். இன்சுலின் வற்றிப்போன உடலில் அது கீட்டோன் அமிலத்தை மிக எளிதாக உண்டாக்கிவிடும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை தருகிறார்கள். தனியார் டாக்டர் எழுதியதையும் வாங்குகிறேன். இரண்டையும் சாப்பிட்டால் சீக்கிரம் குறையும் அல்லவா?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: அம்மா, இன்றே இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்தில்தான் அந்தத் திட்டம் தொடங்கியது. நல்ல மருந்துகள்தான் தருகிறார்கள். பிரச்சினை, ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு முறை உள்ளே போவது. அங்கே கிளிமிபிரைடு தனி மாத்திரை, இங்கே கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை என்றால், உங்களுக்கு இரட்டை அளவு போகிறது. கூட்டு மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் ஜி1, ஜி2 என்று வருவது பெரும்பாலும் கிளிமிபிரைடின் மில்லிகிராம். ‘ஃபோர்ட்’ என்று சேர்ந்தால் பெரும்பாலும் மெட்ஃபார்மின் 500க்குப் பதில் 1000. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் பின்பக்க எழுத்தை மட்டுமே நம்புங்கள். கடையில் ‘அதேதான், கம்பெனி வேற’ என்று மாற்றிக் கொடுக்கும்போதும் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சிட்டாகிளிப்டினும் வில்டாகிளிப்டினும் சேர்ந்து யாருக்கும் தேவையில்லை. ‘கிளிப்டின்’ என்று முடிவதில் ஒன்று மட்டும் போதும். ஒரே நோட்டில் எல்லா மாத்திரைகளின் மருந்துப் பெயர், அளவு, வேளை மூன்றையும் எழுதி, வீட்டுக்கு வரும் செவிலியரிடமும் தனியார் மருத்துவரிடமும் அதையே காட்டுங்கள். செலவுக்காகத்தான் இரண்டு இடம் என்றால், மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ‘கிளிப்டின்’, ‘ஃப்ளோசின்’ வகை மருந்துகள் காப்புரிமை முடிந்தபின் வெகுவாக விலை இறங்கியிருக்கின்றன. முன்பு விலை கேட்டு விட்டுவிட்டவர்கள் மறுபடி கேட்டுப் பாருங்கள்.

வோக்லிபோஸ் எதற்கு? சாப்பிட்டதும் வயிறு உப்பிக் காற்று பிரிகிறது.
– வாசகர், சேலம்

பதில்: மாவுச்சத்து குடலில் உடைவதை அது தாமதப்படுத்துகிறது. உடையாத மாவு பெருங்குடலில் புளிப்பதால் காற்று. முதல் கவளத்தோடு போட்டால்தான் பலன். சாப்பிட்டு முடித்தபின் போட்டால் வீண். ஒரு முக்கியமான விஷயம்: இதோடு கிளிமிபிரைடும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் சீனித் தண்ணீர் சீக்கிரம் வேலை செய்யாது, ஏனென்றால் சீனியை உடைப்பதையும் இந்த மருந்து தடுக்கிறது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். சட்டைப்பையில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

ரம்ஜான் நோன்பு வைக்கிறேன். தோழி கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பால் பழம் மட்டும். இருவருக்கும் மாத்திரைதான். என்ன செய்வது?
– வாசகி, காயல்பட்டினம்

பதில்: இருவரும் மூன்று, நான்கு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நோன்பில் மெட்ஃபார்மின் மூன்று வேளை 500 என்றிருந்தால், மதிய அளவையும் சேர்த்து நோன்பு திறக்கும்போது 1000, விடியலுக்கு முன் சாப்பிடும் சஹரில் 500 என்று மாற்றுவது வழக்கம். காலையில் ஒரு வேளை போட்டுவந்த கிளிமிபிரைடு, நோன்பு திறக்கும் நேரத்துக்குப் போகும். சஹரில் அதைப் போட்டால் பகல் முழுக்கத் தாழும் அபாயம். ‘ஃப்ளோசின்’ மருந்தை ரம்ஜான் தொடங்கும் தறுவாயில் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். விரல் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்களும் ஏற்கிறார்கள். 70க்குக் கீழோ 300க்கு மேலோ போனால் அன்றைய நோன்பை விட்டுவிட வேண்டும்.

உங்கள் தோழிக்கு, பால் பழத்துக்கு வழக்கமான கிளிமிபிரைடு அளவு அதிகம். அதைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆறு நாள் ‘ஃப்ளோசின்’ மாத்திரையோடு அரைப் பட்டினி கிடப்பதை நான் ஏற்க மாட்டேன். ஒரு வேளையாவது சோறு சாப்பிட்டு விரதம் இருக்கும் வழியும் உண்டு, அதைத் தேர்ந்தெடுக்கட்டும்.

பாகற்காய் ஜூஸ், வெந்தயம், சர்க்கரைக்கொல்லிப் பொடி மாத்திரையோடு சாப்பிடலாமா?
– வாசகர், பழனி

பதில்: குழம்பில் பாகற்காயும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். தினமும் ஒரு தம்ளர் சாறும் பொடியும் என்றால் அது இன்னொரு மருந்து. கிளிமிபிரைடோடு சேர்ந்து சர்க்கரையை அதிகம் தாழ்த்தக்கூடும். மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பெயர், உரிமம் இல்லாத பொட்டலப் பொடிகள் வேண்டாம். ‘மூலிகை’ என்று விற்ற இத்தகைய பொடிகளில் கிளிபென்கிளமைடே கலந்திருந்தது பல நாடுகளில் ஆய்வகத்தில் பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் சர்க்கரை 300லிருந்து 110க்கு இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

வேறு மாத்திரைகளோடு மோதுமா? மூட்டுக்கு ஊசி போட்டபின் 380 வந்தது.
– வாசகி, வேலூர்

பதில்: அது ஸ்டீராய்டு ஊசியாக இருந்திருக்கும். சில நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை சர்க்கரை ஏறி, தானே இறங்கும். ஸ்டீராய்டு மாத்திரை என்றால் காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் தெரியாது; மதியத்துக்கு மேல், மாலையில்தான் ஏறும். அப்போது பாருங்கள்.

எதிர்த்திசையில், கிளிமிபிரைடு சாப்பிடுபவர்களுக்குப் பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல், சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் ஆகியவை சர்க்கரையைக் கடுமையாகத் தாழ்த்தலாம். மேலே சொன்ன ‘ஃப்ளோசின்’ அரிப்புக்கு மருந்துக்கடையில் தானாக ஃப்ளூகோனசோல் வாங்கிப் போடுவது சகஜமாகிவிட்டது. கூட கிளிமிபிரைடும் இருந்தால் அது ஆபத்து. இருமல் மருந்தில் உள்ள சர்க்கரைக்குப் பயப்பட வேண்டியதில்லை, அது சில கிராம்தான்.

பியோகிளிட்டசோன் 15 மி.கி. சாப்பிடுகிறேன். கால் வீங்குகிறது.
– வாசகர், மதுரை

பதில்: உடலில் நீர் தேங்குகிறது. படுத்தால் மூச்சு வாங்குகிறதா, ஒரே வாரத்தில் இரண்டு கிலோ கூடியிருக்கிறதா? ஆம் என்றால் இன்றே மருத்துவரைப் பாருங்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருந்தவர்களுக்கும், சிறுநீரில் காரணம் தெரியாமல் ரத்தம் வருபவர்களுக்கும் இந்த மருந்து கூடாது. இந்தியாவில் 2013இல் இதைத் தற்காலிகமாக நிறுத்தி, எச்சரிக்கை வாசகத்தோடு மறுபடி அனுமதித்தார்கள். மற்றவர்களுக்குக் குறைந்த அளவில் பயனுள்ளதே.

திருமணமாகி இரண்டு வருடம், எனக்கு 31 வயது. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், டபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறேன். குழந்தைக்கு முயலலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முயலலாம், ஆனால் மூன்று மாதம் திட்டமிட்டு. குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் முதல் எட்டு வாரத்திலேயே உருவாகிவிடுகின்றன, பல பெண்களுக்குக் கரு தரித்ததே தெரியாத காலம் அது. அதனால் ஹெச்பிஏ1சி 6.5க்குக் கீழ் வந்தபின் முயல்வது நல்லது. டபாகிளிஃப்ளோசினையும் கிளிமிபிரைடையும் முன்கூட்டியே நிறுத்தி, தேவைப்பட்டால் இன்சுலினுக்கு மாற்றுவார்கள். மெட்ஃபார்மினைத் தொடர்வது மருத்துவரின் முடிவு. கொழுப்புக்கான ஸ்டேட்டின், ரத்த அழுத்தத்துக்கான ‘பிரில்’, ‘சார்ட்டன்’ மாத்திரைகள் இருந்தால் அவற்றையும் காட்டுங்கள். ஃபோலிக் அமிலம் இப்போதே தொடங்க வேண்டும். சர்க்கரை உள்ள பெண்களுக்குப் பெரும்பாலும் 5 மி.கி. தருவார்கள். அதுவரை கருத்தடை முறையைக் கைவிடாதீர்கள். நாள் தள்ளிப்போனது தெரிந்தால் எல்லா மாத்திரையையும் பயந்து ஒரேயடியாக நிறுத்திவிடாமல், அன்றே மருத்துவரை அழையுங்கள். சர்க்கரை ஏறுவதும் குழந்தைக்குக் கெடுதல்தான்.

பத்து கிலோ குறைத்துவிட்டேன். ஹெச்பிஏ1சி 6.1. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். மருத்துவர் பார்வையில் குறைத்துப் பார்க்கலாம், ஒன்று ஒன்றாக. கிளிமிபிரைடு இருந்தால் முதலில் போக வேண்டியது அதுதான். எடை குறைந்தபின் அதே அளவு உங்களுக்கு அதிகமாகிவிடும். மெட்ஃபார்மின் கடைசியில். இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டு அதற்காக ‘ஃப்ளோசின்’ தந்திருந்தால் சர்க்கரை குறைந்தாலும் அதை நிறுத்தக் கூடாது. உங்களுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபினையும் பாருங்கள். ரத்த அணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் இருந்தாலோ, அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ ஹெச்பிஏ1சி பொய்யாகக் குறைந்து காட்டும்; இரும்புச்சத்துக் குறைவில் பொய்யாகக் கூடிக் காட்டும். அதனால் வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 180க்குள் என்று மீட்டரிலும் பொருந்துகிறதா என்று இரண்டு வாரம் எழுதி வாருங்கள். மாத்திரை முழுதாக நின்றபின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஹெச்பிஏ1சி, வருடத்துக்கு ஒரு முறை கண், பாதம், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாத்திரை நின்றாலும் அந்தப் பரிசோதனைகள் நிற்கக் கூடாது.